வி.டி.யிலிருந்து பன்வேல் வரை, எட்டு நிமிடம்

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது எங்கள் ஸ்கேன் மையம். அங்கே எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் எந்தப் பெண்ணும் முதலில் மாரீஸ்வரி அக்காவைத் தாண்டியாக வேண்டும். அக்காவின் மேசையில் எண் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள் இருபது இருக்கும். தோடு, வளையல், மெட்டி, சேலையில் குத்திய ஊக்கு என்று இரும்போ பொன்னோ எதுவானாலும் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். உள்ளே இருப்பது மிகப் பெரிய காந்தம். தங்கத்தை அது இழுக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் விதி விதிதான்.

“மதினி, பாவாடை நாடால ஊக்கு மாட்டிருக்கியளா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. பொறவு மிஷினு ஒங்களப் பிடிச்சு ஒட்டிக்கிட்டா அண்ணாச்சிக்கு யாரு பதில் சொல்ல?”

இப்படி ஆரம்பித்தால் வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, தாலி. தாராவியிலிருந்து வரும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் மூக்குத்தியைக்கூடச் சோப்பு போட்டுத் திருகிக் கழற்றித் தருவார்கள், தாலியைத் தொடவிட மாட்டார்கள். முதல் வாரத்தில் மூன்று பேர் கதவு வரை வந்து திரும்பிப் போனார்கள். அதற்கு வழி கண்டவர் அக்காதான். மஞ்சள் துண்டு கட்டிய மஞ்சள் கயிறு ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டார். முதலில் அந்தக் கயிற்றைக் கழுத்தில் கட்டிவிடுவார். அதன் பிறகுதான் தங்கத்தைக் கழற்றுவது. கழுத்து ஒரு நிமிடமும் வெறுமையாக இருக்காது. செவ்வாய், வெள்ளியில் கழற்ற மாட்டார்கள், மற்ற நாட்களில் ராகு காலத்தில் கழற்ற மாட்டார்கள் என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். ஸ்கேன் இயந்திரத்தை ஓட்டும் அப்துல் ஹாதி அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அரே காளி, மிஷின் டைம்டேபிளுக்கு இப்ப காலண்டர் பாக்கணுமா? திங்கள் ஏழரை ஒன்பது பந்த், புதன் பன்னண்டு ஒன்றரை பந்த். லோக்கல் ட்ரெயின்கூட இவ்ளோ கேன்சல் ஆகாது!”

“ஆகாதுதான். ஆனா ட்ரெயின்ல ஏற தாலியக் கழட்டச் சொல்றாங்களா பாய்?” என்றார் அக்கா.

அன்றைக்கே அட்டவணை மாறியது.

என்னைப் பற்றி இரண்டு வரி. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், எங்கள் தெருவில் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்த ஒரே ஆள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. டாக்டர் விஜயலக்ஷ்மியின் ஆய்வில் உதவியாளனாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், நரம்பியல் விஞ்ஞானி. மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து இயங்குகிறது என்று படம் பிடித்துப் பார்ப்பது அவர் வேலை.

அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. தாராவிப் பெண்கள் கல்யாணமாகித் தமிழ் மட்டும் பேசிக்கொண்டு மும்பைக்கு வருகிறார்கள். பள்ளிக்கூடம் போகாமல், புத்தகம் தொடாமல், தண்ணீர்க் குழாயடியிலும் பஸ்ஸிலும் சந்தையிலும் ஹிந்தி கற்றுக்கொள்கிறார்கள், கொஞ்சம் மராத்தியும். அப்படி நடுவயதுவரை வாழ்ந்த மூளைக்குள் இணைப்புகள் எப்படி இருக்கும்? நாற்பது பெண்களைப் படம் பிடிப்பது என்று திட்டம்.

படம் பிடிக்கும் முறை எளிது. குழாய் போன்ற இயந்திரத்துக்குள் எட்டு நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். கண்ணைத் திறந்து மேலே தெரியும் கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தூங்கக் கூடாது, எதையும் குறிப்பாக நினைக்கவும் கூடாது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்திலும் மூளையின் பகுதிகளில் ரத்த ஓட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தூரத்தில் உள்ள இரண்டு பகுதிகள் சேர்ந்தாற்போல் ஏறி, சேர்ந்தாற்போல் இறங்கினால், அவற்றுக்குள் தொடர்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அந்தத் தொடர்பைக் கணக்கிட்டுக் கோடுகளாக வரைவது என் வேலை.

அக்கா இந்த வேலைக்கு வந்தது போன வருடம்தான். அதற்கு முன் பதினாறு வருடம் தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் பசை தடவினார். ஒன்பது மணி நேரம் அந்த நெடியில் உட்கார்ந்து மூச்சிளைப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் தளவாய் அட்டைப்பெட்டிப் பட்டறையில் இருக்கிறார், அமைதியான மனிதர். மகள் ஷாலினி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் போனில் ஹிந்தி பேசும் வேலை பார்க்கிறாள். எங்கள் ஆய்வுக்குத் தாராவியிலிருந்து பெண்களை அழைத்துவர ஒருவர் தேவைப்பட்டபோது அக்கா வந்தார். ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் அது முடிகிறது, மேடம் கடிதம் கொடுத்தால் இன்னொரு வருடம் நீளும். இல்லாவிட்டால் மறுபடியும் பசை டப்பா. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அக்கா ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போதும் மாட்டிக்கொண்டு போவதாக ஷாலினி ஒருநாள் காட்டிக்கொடுத்தாள்.

“ஆமா, போட்டுக்கிட்டுதான் போறேன். காய்க்காரன் மரியாதையா பேசுதான்லா!” என்றார் அக்கா.

நாற்பது பெண்களும் வந்து போனார்கள். மும்பையில் எங்கள் மாதிரி ஆய்வு செய்கிறவர்களுக்குத் தெரியும், இது லேசான காரியமில்லை. பொதுவாகப் பத்துப் பேரில் மூன்று பேர் உள்ளே தலையை அசைத்துவிடுவார்கள், படம் வீணாகிவிடும். எங்கள் நாற்பதில் வீணானது ஒன்றுகூட இல்லை. முப்பத்தொரு பேர் கல் மாதிரி கிடந்திருந்தார்கள்.

கணக்கைப் போட்டு முடித்தபோது இன்னொன்றும் வந்தது. மொழிக்கான பகுதிக்கும், வழியையும் இடத்தையும் நினைவில் வைக்கும் பகுதிக்கும் நடுவே தடித்த கோடு. பெரும்பாலான பெண்களுக்கு அது அப்படி இருந்தது. நான் மூன்று முறை சரிபார்த்தேன். மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்த நாள் மாட்டுங்காவிலிருந்து மைசூர்பாகு வந்தது. எல்லோரையும் கூப்பிட்டுத் திரையில் படத்தைக் காட்டினார் மேடம். மாரீஸ்வரி அக்காவுக்குப் புரியவேண்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

“பாருங்கோ மாரீஸ்வரி, இவா எல்லாரும் சும்மாதான் படுத்துண்டிருந்தா. அப்பவும் பேச்சுக்கான இடமும் வழிக்கான இடமும் ஒண்ணோடொண்ணு பேசிண்டே இருக்கு. ஏன்னு நினைக்கறேள்? இவா பாஷையைப் புஸ்தகத்துல கத்துக்கலை. தெருவோட, ஸ்டேஷனோட, மார்க்கெட்டோட சேர்த்துக் கத்துண்டா. அதான் ரெண்டும் பின்னிக்கெடக்கு!”

“வழிக்கான எடம்னா என்ன மேடம்?” என்று கேட்டார் அக்கா.

“இப்போ ட்ரெயின்ல போறேள், அடுத்தது எந்த ஸ்டேஷன், எங்க இறங்கணும்னு மனசுல ஓடறதில்லையா, அதைப் பார்த்துக்கற இடம்.”

அக்கா கடிக்கப் போன மைசூர்பாகைக் காகிதத்திலேயே திரும்ப வைத்தார். அதை நான் கவனித்தேன். சர்க்கரை நோய் ஏதாவது வந்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

மேடம் வெள்ளிக்கிழமை பெங்களூர் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவதாகச் சொன்னார். அதை எழுதியவர்களில் மூன்றாவதாக என் பெயர் இருக்கும். நான் வாசலுக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா டீக்கடையில் இருந்தார் போலிருக்கிறது, பக்கத்தில் யாரிடமோ சத்தமாகச் சொல்வது எனக்கே கேட்டது.

சாயங்காலம் செம்பூர் ஸ்டேஷனுக்கு அக்காவும் நானும் சேர்ந்து நடந்தோம். அது வழக்கம்தான். குர்லாவில் வண்டி மாறி அவர் சயானில் இறங்கி தாராவிக்கு நடப்பார். அன்றைக்கு டிக்கெட் கவுண்டரைத் தாண்டி நடைமேடைப் படிக்கு வந்தோம். அக்கா சட்டென்று நின்றார்.

“காளி தம்பி, நான் ஒண்ணு செஞ்சிட்டேன்.”

“என்னக்கா?”

“உள்ள போற மதினிமாருக்குப் பயமா இருக்குல்லா? ஒண்ணையும் நெனைக்காதீங்கன்னு ஹாதி பாய் மைக்குல சொல்லுதாரு. ஒண்ணையும் நெனைக்காம எப்படித் தம்பி படுக்க? வீட்டுல கஷ்டம்தான ஞாபகம் வரும்? அழுதுருவாவ. அதான் உடுப்பு மாத்துத ரூம்புல வச்சி நான் ஒரு வழி சொல்லிக் குடுத்தேன்.”

“என்ன வழி?”

“வி.டி. ஸ்டேஷன்ல வண்டி ஏறுங்க. மஸ்ஜித், சாண்டஸ் ரோடு, டாக்யார்டு, ரே ரோடுன்னு மனசுக்குள்ள ஒவ்வொரு ஸ்டேஷனா சொல்லிக்கிட்டே பன்வேல் வரைக்கும் போங்க. அவசரப்படாதீங்க, ஒவ்வொண்ணுலயும் வண்டி நிக்கணும், ஆளு எறங்கணும். பன்வேல் வந்தா அப்படியே திரும்பி வாங்க. வி.டி. வாறதுக்குள்ள மிஷினு நின்னுரும்னு சொன்னேன்.”

நான் நடைமேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உடை மாற்றும் அறைக்குள் ஆண்கள் போவதில்லை. நானும் ஹாதி அண்ணனும் ஒருநாளும் கேட்டதில்லை. மேடம் சம்மதக் கையெழுத்து வாங்கியதும் கணினி அறைக்குப் போய்விடுவார். சும்மா படுத்திருக்கிறார்கள் என்று நாங்கள் எண்ணிய எட்டு நிமிடமும், பெண்கள் ஹார்பர் லைன் ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். பேச்சும் வழியும் சேர்ந்து இயங்காமல் வேறு என்ன செய்யும்!

“தெரிஞ்சு செய்யல தம்பி. சோதனை ஓட்டம்னு மொதல்ல என்னையத்தான உள்ள விட்டியோ? சவப்பெட்டில வச்ச மாதிரி இருந்திச்சி. எனக்கு இந்த ஸ்டேஷன் பேருதான் தொண. கல்யாணமாகி வந்த புதுசுல போர்டு வாசிக்கத் தெரியாது. அஞ்சாங்கிளாஸ் தமிழு, இங்க எங்க தமிழ்ல போர்டு இருக்கு? எங்க வீட்டுக்காரரு ஒரு ஞாயித்துக்கெழம டிக்கெட் எடுத்து, பன்வேல் வர கூட்டிட்டுப் போயி, ஒவ்வொரு பேரா சொல்லி, திரும்பி வரயில என்னையச் சொல்ல வச்சாரு. நடுவுல ஒண்ணு விட்டுட்டேன்னு மறுபடியும் வி.டி.லேருந்து ஆரம்பிக்கச் சொன்னாரு. அதுலேருந்து எங்க பயம் வந்தாலும் அதத்தான் சொல்லுவேன். ஷாலினி பெறந்தப்பவும் சொன்னேன்.”

“பன்வேல் வரைக்கும் போனீங்களாக்கா?”

“மான்குர்டு தாண்டலை. பொட்டப்பிள்ள நல்லா வேகமா வந்துட்டா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பா இந்நேரம் ஊர் முழுவதும் சொல்லி முடித்திருப்பார். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றேன். ஒருவேளை எல்லோரும் அக்கா சொன்னபடி செய்திருக்க மாட்டார்கள், ஒருவேளை அந்தக் கோடு உண்மையாகவே இருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். அந்தக் கோடு தடிப்பாக இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். மெலிதாக இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரின் ஸ்கேன் தேதிகளையும் பார்த்தேன். எல்லாம் ஆவணியில் ஒரே வாரம். அந்த வாரம் அக்கா ஊரில் அம்மன் கொடைத் திருவிழாவுக்காகச் சங்கரன்கோவில் பக்கம் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த நர்ஸ் யாருக்கும் எந்த ஸ்டேஷனையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அக்கா வந்ததும் காட்டினேன். ஒன்பது பெயரையும் விரல் வைத்து மெதுவாக வாசித்தார்.

“அப்போ நாந்தான்.”

“அக்கா, நான் போய்ச் சொல்றேன். பேரு சொல்லாம, ஏதோ குழப்பம்னு மட்டும்…”

“ஏன், ஒனக்கா உடுப்பு மாத்துத ரூம்புல வேல?” என்றார். “நான் செஞ்சத நாந்தான் சொல்லணும். கடிதாசு குடுக்காட்டா போறாவ. ஆனா அந்தம்மா பொய்ய மேடைல போயி நின்னு சொல்லப்பிடாது. எம்புட்டு நல்லா தமிழ்ல வெளக்குனாவ!”

அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் மேடத்தின் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில் நான் தேதிகளைக் காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஆறு மாச வேலை, மாரீஸ்வரி.”

“ஆமா மேடம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ?”

“இதுல கேக்க என்ன இருக்குன்னு நெனச்சிட்டேன் மேடம். பயந்தவளுக்குத் தைரியம் சொன்னேன், அம்புட்டுதான்.”

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, சுருக்கத்தை அனுப்ப வேண்டாம் என்றார். என் மூன்றாவது பெயர் அத்தோடு போயிற்று. அப்புறம் அக்காவிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கோபத்தில் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வாய்க்குள் சொல்வார்களா, உதடு அசையுமா? ஸ்டேஷனில் வண்டி நிற்பதையும் நினைப்பார்களா? எல்லோருக்கும் ஒரே லைன்தானா? அக்கா ஒவ்வொன்றுக்கும் விளக்கமாகப் பதில் சொன்னார். “சொர்ணம்மா மதினிக்கு மட்டும் சென்ட்ரல் லைன். அவ தாதர்ல பூ வாங்குதவ, அவளுக்கு ஹார்பர் வராது.”

மேடம் காகிதத்தில் கட்டம் போட ஆரம்பித்தார். பேனா ஓடும் வேகத்தைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது.

“காளிராஜ், யோசிச்சுப் பாருங்கோ. முப்பத்தொரு பேர், எட்டு நிமிஷம், ஒருத்தரும் தலையை அசைக்கலை. மனசுக்குள்ளயே பிரயாணம் பண்ற மூளையோட படம் நம்மகிட்ட இருக்கு. இப்போ அதே முப்பத்தொரு பேரை மறுபடியும் கூப்பிட்டு, நிஜமாவே சும்மா படுக்க வெச்சு எடுத்தா? அதே ஆள், ரெண்டு நிலை. ஒருத்தரை அவரோடயே ஒப்பிடலாம். முன்னாடி இருந்ததைவிட இது நல்ல சோதனை.” சற்று நிறுத்தினார். “ஆனா அவா மறுபடியும் வரணும். தாலியை மறுபடியும் கழட்டணும்.”

அறையில் மூன்று பேரும் ஒரே ஆளைத்தான் நினைத்தோம். அந்த ஆள் தன் கையில் இருந்த அட்டையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

“கூட்டியாந்துருவேன்,” என்றார் அக்கா. “செவ்வா வெள்ளி தவிர்த்து.”

மேடம் அப்போதுதான் சிரித்தார். “கடுதாசி நாளைக்குத் தரேன். ஆனா ஒரு நிபந்தனை. இனிமே நீங்க அந்த ரூம்ல என்ன சொன்னாலும் எனக்கும் சொல்லணும். ஒரு நோட்டுல எழுதி வைங்கோ, தமிழ்லயே.”

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்து, பெயர் வருவது தள்ளிப்போகிறது என்றேன். ஏன் என்று கேட்டார். தப்பாக இருந்தது, திருத்துகிறோம் என்றேன். “திருத்துனா சரிதான், நான் கடையில சொல்லிக்கிடுதேன்,” என்றார்.

மழை முடிந்ததும் பெண்கள் திரும்ப வந்தார்கள். முப்பத்தொருவரில் இருபத்தெட்டுப் பேர். அக்கா எல்லோரிடமும் கறாராகச் சொன்னார்: “மதினி, இந்தத் தடவ ட்ரெயின் கெடையாது. ஸ்ட்ரைக்கு.” சும்மா படுத்தபோது அந்தக் கோடு மெலிந்துபோனது, நாங்கள் எதிர்பார்த்தபடியே. நாலைந்து பேருக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது என்னவென்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேடம் இப்போது எதையும் உடனே சொல்வதில்லை. முதலில் அக்காவின் நோட்டைக் கேட்கிறார்.

கடைசியாக வந்தவர் சொர்ணம்மாள், தாதர்ப் பூக்காரர். வெளியே வந்து, டப்பாவிலிருந்து தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி மாட்டிக்கொண்டார்.

“ஏட்டி மாரி, நெசமாவே ஒண்ணும் நெனைக்கல. அந்தக் கூட்டல் குறியவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா குர்லா வந்ததும் கதவுப்பக்கம் போயி நின்னுட்டேன், அது எப்படின்னு தெரியல.”

ஹாதி அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, தேதி போட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: சொர்ணம்மாள் மதினி, குர்லாவில் இறங்கப் பார்த்தார்.

பிறகு எம்.ஆர்.ஐ. அறைக்குள் விரிப்பை மாற்றப் போனார். வாசலில் நின்று, கழுத்திலிருந்த புது அட்டையைக் கழற்றினார். அதன் கொக்கி இரும்பு. ஒன்றாம் எண் டப்பாவில் அதை வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டு உள்ளே போனார்.